அக்காவின் இடது கன்னம்

அக்கா நின்றுவிடுவார். நடந்துகொண்டிருந்தால் காலடி பாதியில், வெங்காயம் அரிந்துகொண்டிருந்தால் கத்தி பாதி வெங்காயத்தில், கதைத்துக்கொண்டிருந்தால் வசனம் பாதியில். கண்கள் மட்டும் அகலத் திறந்திருக்கும். முகத்தில் ஒரு தசைகூட அசையாது. பத்து எண்ணும் நேரம். குளிர் கூடிய நாட்களில் முப்பது எண்ணும் நேரம். அது போனதும் விட்ட சொல்லிலிருந்தே தொடருவார். "கறிக்கு உப்பு" என்று நின்றவர் "கொஞ்சம் கூடிப்போச்சு பிள்ளை" என்று முடிப்பார். நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதுபோல் கத்தி மறுபடி இறங்கும்.

முதல் தடவை அதைக் கண்டபோது எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவருடைய பார்வை அப்படி இருந்தது. பின்னால் சமையலறைக் கதவும் அதில் தொங்கிய துவாயும்தான்.

எண்பத்தொன்பதின் கடைசியில் நானும் என் கணவரும் ஐந்து மாதக் குழந்தை அபியுமாக லண்டனில் நோர்பரியில் ஒரு வீட்டின் மாடி அறைக்குக் குடிபோனோம். கீழே பின்னறையில் அக்கா தனியாக இருந்தார். சமையலறை எங்களுக்கும் அவருக்கும் பொது. அவருடைய கணவர் ஜெர்மனியில் விசாவுக்குக் காத்திருந்தார். ஒரே தங்கை கொழும்பில் ஒரு உறவினர் வீட்டில் இருந்தாள். அவளுக்கு ஹரோவில் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்த வீட்டில் எவரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை.

அவருடைய முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலது பக்கம் நாற்பது வயதுப் பெண்ணின் முகம். கண்ணோரத்தில் சுருக்கம், வாயோரத்தில் சிரித்துச் சிரித்து விழுந்த கோடு. இடது பக்கத்தில் ஒன்றுமே இல்லை. இஸ்திரி போட்டதுபோல் வழுவழுப்பாக இருக்கும். தாடையின் கீழே ஒரு சிறு தழும்பு, அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை அவர் வருடக்கணக்காக அசைக்கவில்லை. சிரித்தால் பாதி வாய் சிரிக்கும். கதைத்தால் வலது வாயோரத்தால் கதைப்பார். ஒரு பக்கம் நின்று பார்த்தால் என்னைவிட இளையவர். மறுபக்கம் போய்ப் பார்த்தால் என் அம்மாவின் சிநேகிதி. வந்த புதிதில் நான் எப்போதும் அவருடைய வலது பக்கமாகவே போய் உட்காருவேன்.

காற்றுத்தான் அவருக்கு எதிரி. இடது கன்னத்தில் பட்டால் வலி வெட்டும், அந்த நோ வந்துதான் அவர் நின்றுவிடுவார். முன்கதவில் கடிதம் போடும் துவாரத்தைக் கம்பளித் துணியால் அடைத்து வைத்திருந்தார். தபால்காரர் அதை உள்ளே தள்ளினால் மறுபடி அடைப்பார். தேத்தண்ணியை ஆறவிட்டு உறிஞ்சு குழாயால் குடிப்பார். வெளியே போனால் ஒரு கபில நிறக் கழுத்துச் சால்வையால் கண்ணுக்குக் கீழே முழுவதும் மூடிக்கொள்வார். பல் துலக்க அரை மணி நேரம். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்காது, தூரிகைச் சத்தம் கேட்காது. ஒரு பெண் தன் வாயைத் திறக்கத் துணிவு சேர்த்துக்கொண்டு நிற்கும் அமைதிதான் கேட்கும்.

அந்தத் தாடையில் எப்படி அடிபட்டது என்பதற்கு அவரிடம் பல கதைகள் இருந்தன. ஆஸ்பத்திரியில், பனிக்கட்டியில் சறுக்கிப் படியில் விழுந்தேன் என்றார். "உவைக்கு எங்கட சண்டையைச் சொல்லி என்னத்துக்கு, கேட்டுப்போட்டுக் கவலைப்படுவினம்" என்று பிறகு என்னிடம் சொன்னார். என் கணவரின் தம்பி ஷெல்லடியில் செத்தவர். அதனால் என் கணவரிடம் சைக்கிளால் விழுந்ததாகச் சொல்லியிருந்தார். கேட்பவருக்கு எது உறுத்தாதோ அதுதான் அவர் கதை. ஒரே ஒரு நாள், அரிசி கழுவிக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே, "துவக்குப் பிடியால" என்று தொடங்கி நின்றார். யாருடைய துப்பாக்கி என்று வரவில்லை. நான் எண்ணினேன். நாற்பது தாண்டியது. பிறகு அவர் கண் அசைந்தது. "உலை கொதிக்குது, பாரும்" என்றார். விட்ட சொல்லிலிருந்து அவர் தொடராத ஒரே தடவை அது.

எனக்குக் கவுன்சில் அலுவலகம் ஒன்றில் கோப்பு அடுக்கும் வேலை கிடைத்தபோது அபிக்கு ஒன்பது மாதம். யாரிடம் விடுவது என்று நான் ஒரு வாரம் யோசித்தேன். என் யோசனை எப்போதும் அப்படித்தான். ஒரு முடிவு எடுத்துவிட்டு, அது பிழையோ என்று மறுநாள் முழுவதும் மறுபடி யோசிப்பேன். அக்காதான் வாய் திறந்தார்.

"என்னட்டை விட்டிட்டுப் போமன் பிள்ளை. நான் எங்க போறன்?"

"உங்களுக்கு ஏலுமோ அக்கா? அந்த நோ வந்தால்?"

"அது வரும், போகும். பிள்ளைக்கு அதால ஒண்டுமில்லை."

அவரைப்போல் குழந்தை பார்த்தவர்களை நான் கண்டதில்லை. சோற்றை விரலால் மசித்து, ஒவ்வொரு உருண்டையாக ஊதாமல் ஆறவைத்து ஊட்டுவார். ஊதுவதற்கு அவரால் ஏலாது. வாய் மூடியபடியே ஒரு முனகல் பாட்டு வைத்திருந்தார். அபி அதற்கே தூங்குவாள். கொஞ்சுவதில்லை. வலது கன்னத்தை மட்டும் குழந்தையின் தலைமயிரில் ஒரு நொடி வைத்து எடுப்பார். நான் மூன்று மணிக்கு வந்து கதவைத் திறந்தால் வீடு அமைதியாக இருக்கும். அந்த அமைதியைக் கேட்டு நான் நிம்மதியடைந்த நாட்கள் இருந்தன. அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஊரில் ஆங்கிலத்தில் நல்ல புள்ளி எடுத்தவள் என்பதால் அந்த வீட்டுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். அக்காவின் இடது பக்கத்துக் கீழ்ப் பற்களில் மூன்றை எங்கள் பகுதிப் பல் வைத்தியர் ஒருவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருந்தார். ஒன்றைப் பிடுங்கியதும் நோ அடுத்த பல்லுக்கு நகரும். அதையும் பிடுங்கச் சொல்லிக் கேட்டவர் அக்காவேதான். மூன்றும் போன பிறகும், பல் இருந்த வெற்றிடத்தில் நோ இருந்தது. "இல்லாத பல்லு நோகுது பிள்ளை. சொன்னா ஆர் நம்புவினம்?" என்று அரை வாயால் சிரித்தார். அதன் பிறகுதான் நகரத்திலிருந்த பெரிய பல் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கிடைத்தது. நான் லீவு எடுத்து, அபியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கூடப் போனேன்.

டொக்டர் உயரமான வெள்ளைக்காரப் பெண். ஒரு பஞ்சு நுனியால் அக்காவின் உதட்டுக்குக் கீழே மெதுவாகத் தொட்டார். அக்கா நின்றுவிட்டார். பஞ்சுதான், ஒரு இறகுபோல. ஆனால் ஊசி முனையால் பக்கத்தில் தொட்டபோது அங்கே ஒன்றும் தெரியவில்லை, விறைத்திருக்கிறது என்றார் அக்கா. டொக்டர் ஒரு முகத்தின் படத்தை எடுத்து எங்கே விறைப்பு, எங்கே நோ என்று பேனையால் கோடு போட்டார். பிறகு என்னிடம் விளங்கப்படுத்தினார். பல்லில் பிழையே இருக்கவில்லை. அடிபட்டபோது தாடைக்குள் ஓடும் நரம்பு நசிந்துவிட்டது. வாசலில் எவரும் இல்லாமலே அழைப்புமணி அடிப்பதுபோல், அந்த நரம்பு தானாக அடித்துக்கொண்டிருக்கிறது. மணியை நிறுத்தக் கதவைக் கழற்றிப் பயனில்லை. நரம்பை அமைதிப்படுத்த மாத்திரை வேண்டும், பொறுமையும் வேண்டும் என்று ஒரு வெள்ளைக் குளிசை எழுதித் தந்தார்.

"சைபரில் இருந்து பத்து வரை, நோ எவ்வளவு என்று கேளுங்கள்" என்றார்.

"மூண்டு எண்டு சொல்லும்" என்றார் அக்கா.

"அக்கா, காலமை பஸ்ஸில ரெண்டு தரிப்புக்கு நடுவில நிண்டுபோனீங்களே."

"அது பஸ்ஸில. பாவம், இந்த மனிசி எங்களுக்காக எவ்வளவு நேரம் மினக்கெடுகிறா. பத்து எண்டு அவவின்ர முகத்துக்கு நேர சொல்லுறதே? மூண்டு."

நான் மூன்று என்று மொழிபெயர்த்தேன். சொன்னதைச் சொல்வதுதான் என் கடமை என்று நினைத்தேன்.

திரும்பும் வழியில், "நோவுக்கும் சோதினை வைச்சுப் புள்ளி கேக்கினம் பிள்ளை, இங்கிலீசுக்காரர்" என்றார் அக்கா. அன்று அவர் சந்தோஷமாக இருந்தார். தன் நோவுக்கு ஒரு படம் கிடைத்த சந்தோஷம்.

அடுத்து நடந்தது என் பிழை. அந்த வெள்ளைக் குளிசையின் பெயரை எழுதிக்கொண்டு போய் நூலகத்தில் மருந்துப் புத்தகத்தைப் புரட்டினேன். பார்க்காமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் குளிசை, நரம்பு நோவுக்கும் கொடுப்பார்கள் என்று இருந்தது. வந்து அப்படியே அக்காவிடம் சொன்னேன். ஒளிப்பது சரியில்லை என்று நினைத்தேன். அக்கா அரிசிப் பானையின் மூடியைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வலிப்புக்கோ?"

"நரம்புக்கும்தான் அக்கா."

"ம். உம்மட மனிசனுக்குச் சொன்னனீரோ?"

"இல்லை."

"சொல்லாதையும்" என்றார். மூடியைப் பானையில் வைத்தார். அதன் பிறகு நாங்கள் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு தடவையும் "குளிசை போடுறன், சுகம், மூண்டு" என்றார். இரண்டு தடவையும் நான் மொழிபெயர்த்தேன். டொக்டர் குளிசையின் அளவைக் கூட்டி எழுதினார். அக்கா நின்றுவிடும் நேரங்கள் மட்டும் குறையவில்லை.

அபியின் விஷயத்தை முதலில் கவனித்தது நான் அல்ல, தடுப்பூசி போட்ட தாதி. ஊசி தொடையில் இறங்கியபோது அபி அழவில்லை. "எவ்வளவு நல்ல குழந்தை" என்றார் தாதி. எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை. நான் மாடி அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அபி மேசையின் கீழ் இழுப்பறையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். சத்தம் நின்று கொஞ்ச நேரமாகிவிட்டது என்று உணர்ந்து திரும்பினேன். இழுப்பறை மூடியிருந்தது. அவளுடைய நடுவிரல் அதற்குள் இருந்தது. அவள் அதை இழுக்கவில்லை. வாய் மூடியிருந்தது. இடது கன்னம் அசையவில்லை, வலது கன்னம் அசையவில்லை. கண்கள் அகலத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. இல்லை, என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தன. அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். இழுப்பறையைத் திறந்து விரலை எடுத்தேன். நகம் கறுத்திருந்தது. அவள் இன்னும் சிறிது நேரம் அப்படியே நின்றாள். பிறகு குனிந்து, கையில் பிடித்திருந்த கரண்டியை, விட்ட இடத்திலிருந்து, தரையில் தட்டத் தொடங்கினாள்.

என் கணவரிடம் சொன்னேன். "அழாத பிள்ளைக்கும் கவலைப்படுற தாயை நான் இப்பதான் பாக்கிறன்" என்றார் அவர். பெற்றோல் நிலையத்தில் இரண்டு ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். அவர் சொல்வது சரியோ என்றும் யோசித்தேன். நான் எதையும் பெரிதாக்குபவள்தான்.

அபிக்குப் பத்தொன்பது மாதமானபோது, ஒரு காலையில் அவளுடைய தலையணையில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கறை. காதிலிருந்து வடிந்திருந்தது. அவள் விழித்துக்கொண்டு படுத்திருந்தாள். நெற்றி கொதித்தது. குடும்ப டொக்டர் காதுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்து, சவ்வு வெடித்திருக்கிறது என்றார்.

"இரண்டு நாளாகக் கத்தியிருப்பாளே. ஏன் முன்பே கொண்டுவரவில்லை?"

"அழவே இல்லை" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். குழந்தைகளுக்கு வரும் நோவுகளில் இது மிகவும் கொடியவற்றில் ஒன்று என்றார். பிறகு தலையைக் குனிந்து ஏதோ எழுதினார். பிள்ளையைக் கவனிக்காத தாய் என்று எழுதினாரோ என நான் பல மாதங்கள் நினைத்து நினைத்துப் பயந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பயத்தைவிடப் பெரியது இன்னொன்று இருந்தது. என் குழந்தைக்கு நோகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இனி எது வந்தாலும் தெரியப் போவதில்லை. காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கலாம், நகம் கறுத்தால் காணலாம். உள்ளே நடப்பதை ஒரு குழந்தை அழுதால்தான் ஒரு தாய் அறிய முடியும்.

அன்று பின்னேரம் அக்கா சமையலறையில் உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன்.

"அக்கா, அபி ஏன் அழுறேல்லை?"

"நல்ல பிள்ளை. அதுதான்."

"காது வெடிச்சும் அழேல்லை அக்கா."

அவருடைய விரல்கள் உளுந்தில் நின்றன. நோ வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் கண் தாழ்ந்திருந்தது.

"ஒருக்கா அழுதவ" என்றார் மெதுவாக. "போன ஆவணியில. கதவில தலை அடிபட்டு. நான் ஓடிப்போய்த் தூக்கினன். தூக்கேக்குள்ள அவவின்ர கை என்ர கன்னத்தில அடிச்சிட்டுது. நான் அப்பிடியே சுவரோட நிண்டிட்டன். எவ்வளவு நேரமெண்டு தெரியாது. கண் திறந்துதான் இருந்தது, பிள்ளையைப் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். அவவும் என்னைப் பாத்துக்கொண்டு இருந்தா. பாத்துக்கொண்டிருக்க அழுகை நிண்டிட்டுது. அதுக்குப் பிறகு அழேல்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் பயப்பிடுவீர்."

"இவ்வளவு குளிசை போட்டுமா அக்கா உங்களுக்கு இப்பிடி வருது?"

அவர் எழுந்து முன்கதவோரத்து நடைக்குப் போனார். அங்கே தொங்கிய தன் குளிர்கால மேலங்கியின் உட்பையில் கைவிட்டு, கடதாசிக் கைக்குட்டையில் சுற்றிய பொட்டலங்களைக் கொண்டுவந்து உளுந்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஏழெட்டு இருக்கும். எல்லாம் வெள்ளைக் குளிசை.

"ஒண்டும் போடேல்லையோ?"

"நீர் வலிப்புக் குளிசை எண்டு சொன்ன நாளில இருந்து போடேல்லை. ஹரோக்காரர் விசாரிக்காமல் விடுவினமோ? தமக்கைக்காரி வலிப்புக்குக் குளிசை போடுறா எண்டால் தங்கச்சிக்கும் அதுதான் எண்டு சொல்லுவினம். நரம்புக்குத்தான் எண்டு நான் ஆர் ஆரிட்டைப் போய் விளங்கப்படுத்துறது?"

"டொக்டரிட்டைப் போடுறன் எண்டு சொன்னீங்களே."

"தந்த மனிசியிட்டைப் போடேல்லை எண்டு எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? மரியாதையே?"

எனக்குக் கோபம் வந்தது. கோபப்படவும் முடியவில்லை. வலிப்பு என்ற சொல்லை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான். பொட்டலங்களை எல்லாம் வாரிக்கொண்டு போய் மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். அபிக்குக் கை எட்டத் தொடங்கிவிட்டது. அபியை வேறு ஆளிடம் விடலாம் என்று என் கணவர் சொன்னார். நானும் அதையே யோசித்தேன். ஆனால் இந்த அசையாமையை அவள் எங்கே போனாலும் கூடக் கொண்டுபோவாள் என்று எனக்குத் தோன்றியது. அக்கா நின்றுவிடுவது நின்றால் ஒழிய, அபிக்கு அது பிழை என்று எப்படித் தெரியும்?

அடுத்த ஆஸ்பத்திரி நாளில் டொக்டர் வழமைபோலக் கேட்டார். அக்கா வழமைபோல, "குளிசை போடுறன். சுகம். மூண்டு எண்டு சொல்லும்" என்றார்.

நான் டொக்டரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன். இவர் மூன்று என்று சொல்கிறார். அது உண்மையில்லை. ஒன்பது, சில நாள் பத்து. குளிசையை நிறுத்தி ஏழு மாதமாகிறது. எங்கள் ஆட்களிடம் வலிப்பு என்ற பெயர் ஒரு குடும்பத்தின் மேல் விழுந்தால் கல்யாணம் நடக்காது. உங்கள் மனம் நோகக்கூடாது என்பதற்காக உங்களிடம் பொய் சொன்னார். நானும் அதை மொழிபெயர்த்தேன்.

அக்காவுக்கு ஆங்கிலம் கதைக்க வராது. ஆனால் கேட்டால் விளங்கும் அளவு விளங்கும். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கைகள் இரண்டும் மடியில் இருந்தன. சால்வையை எடுத்து, அந்த அறைக்குள் காற்று இல்லாதபோதும், கண்ணுக்குக் கீழே மூடிக்கொண்டார். தள்ளுவண்டியிலிருந்த அபி சாப்பிட்டுக்கொண்டிருந்த பிஸ்கட்டை வாயருகே வைத்தபடி அசையாமல் அவரைப் பார்த்தாள்.

டொக்டர் கோபிக்கவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டு, வேறு ஒரு குளிசை இருக்கிறது, இரவில் ஒன்று, மிகச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டலாம் என்றார். அதோடு ஈறின் மேல் பொருந்துவதற்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தட்டு அச்செடுத்துச் செய்து தருவதாகவும், அதற்குள் மரத்துப்போகச் செய்யும் களிம்பை வைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். வாரங்கள் பிடிக்கும், முழுவதும் போகும் என்று சொல்ல மாட்டேன் என்றார். பிறகு, மனச்சோர்வுக்கும் இதே குளிசையைக் கொடுப்பது உண்டு, அதை அவருக்கு விளங்கப்படுத்துங்கள் என்றார்.

நான் அக்காவின் பக்கம் திரும்பினேன். மனச்சோர்வு என்றால் எங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். வலிப்பாவது பரவாயில்லை என்பார்கள்.

"நரம்புக் குளிசை அக்கா" என்றேன். "நரம்புக்கு மட்டும்தான்."

ஒரே கதிரையில் உட்கார்ந்துகொண்டு ஒரு உண்மையைக் காட்டிக்கொடுத்தேன், இன்னொன்றை ஒளித்தேன். இரண்டும் சரியா, இரண்டும் பிழையா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

பஸ்ஸில் அக்கா எனக்கு முன்னிருக்கையில் தனியாக உட்கார்ந்தார். பிரிக்ஸ்டன் தாண்டி ஸ்ட்ரெத்தம் வந்தது. பிறகு திரும்பாமலே கேட்டார்.

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீர்?"

"அபிக்காக அக்கா."

பஸ் ஒரு தரிப்பில் நின்று, ஆட்கள் இறங்கி, மறுபடி புறப்பட்டது.

"அப்ப எனக்காக இல்லை" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை.

அதன் பிறகு ஆறேழு வாரம் அவர் என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தார். "பால் முடிஞ்சுது." "பிள்ளை நித்திரை." ஆனால் குளிசை போட்டார். போத்தலைச் சமையலறையின் உயரத் தட்டில், நான் காணும்படி வைத்திருந்தார். ஒவ்வொரு காலையும் நான் அதைத் தூக்கிப் பார்ப்பதை அவரும் அறிவார். வாய் காய்கிறது என்று அடிக்கடி தண்ணீர் குடித்தார். பகலில் கண் சொருகியது. ஈறின் மேல் அந்தப் பிளாஸ்டிக் தட்டைப் போட்டுக்கொண்டு கதைக்கும்போது சொற்கள் ஈரமாக, வேறு யாரோ அவருக்குள்ளிருந்து கதைப்பதுபோல் இருந்தன. முப்பது எண்ணியது இருபதானது. ஒரு நாள் நான் எண்ணத் தொடங்கியபோது, "என்ன பாக்கிறீர்? நான் யோசிச்சுக்கொண்டு நிக்கிறன்" என்றார்.

ஒரு நாள், மூன்று மணி. வேலையால் வந்து கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குத் தெரியாத குரல். வாய் நிறைந்த, கொஞ்சம் கரகரத்த சிரிப்பு. அக்காவுக்கு விருந்தாளிகள் வருவதில்லை. நான் கைப்பையைக் கழற்றாமல் சமையலறை வாசல்வரை போனேன்.

உள்ளே அக்காவையும் அபியையும் தவிர எவரும் இல்லை. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சால்வை கழுத்தில் இல்லை. ஜன்னல் ஒரு கை அளவு திறந்திருந்தது. உயரக் கதிரையில் அபி, முகம் முழுவதும் தயிர்ச்சோறு. அவளைப் பார்த்துத்தான் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

என் காலடி கேட்டுத் திரும்பினார். இடது கன்னம் அசைந்தது. அதில் ஒரு கோடு விழுந்து, வாயோரம் மேலே ஏறி, கண்ணோரம் சுருங்கியது. முகத்தின் இரண்டு பாதிகளும் ஒன்றாகச் சிரிப்பதை நான் அன்றுதான் கண்டேன். அது அழகாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் நான் கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். நான் அறிந்த ஒருவரின் உடுப்பைப் போட்டுக்கொண்டு யாரோ ஒருத்தி நின்றாள்.

"பாரும் பிள்ளை, இவவின்ர கோலத்தை" என்று சொல்லிக்கொண்டே அபியிடம் குனிந்து, தன் இடது கன்னத்தை அவளுடைய கன்னத்தோடு சேர்த்து வைத்து எடுத்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது.

அபி அவரை மிக அருகில் பார்த்தாள். கண்கள் அகன்றன. எனக்குத் தெரிந்த அந்த அசையாமை வந்தது. நான் என்னை அறியாமல் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. கீழுதடு நடுங்கியது. வாய் மெல்லக் கோணியது. பிறகு அவள் கத்தினாள். வீடு அதிர, தொண்டை தெரிய, மூச்சு வாங்கி மறுபடி கத்தினாள். அக்காவைத் தள்ளிக்கொண்டு, கதிரையோடு பின்னால் சாய்ந்து, அந்தப் புது முகத்திலிருந்து தப்பிப்பதற்காகக் கத்தினாள்.

அக்கா ஒரு அடி பின்வாங்கினார். கைகள் இரண்டும் அந்தரத்தில் நின்றன. சிரிப்பை எப்படி இறக்கி வைப்பது என்று தெரியாததுபோல் அது இன்னும் முகத்தில் இருந்தது.

"என்னைத் தெரியேல்லைப் போல" என்றார்.

அவரைத் தேற்ற ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். குழந்தையை ஓடிப்போய்த் தூக்கியிருக்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, அபி அழுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.